இரட்சிக்கப்பட்ட தேதியைத் திருத்தக் கோரி

ஆவடி,
6-9-1988

தபால்வழி வேதபாட விடைத்தாள்களைத் திருத்தும் ஐயா அவர்களுக்கு, தங்கள் மாணவன் சண்முகசுந்தரம் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவி புஷ்பாவும் கர்த்தருடைய கிருபையால் சுகம். தாங்களும் தங்கள் சிவப்புப் பேனாவும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

ஐயா, நான் இருபத்துநான்கு பாடங்களையும் முடித்துத் தொண்ணூற்றேழு மதிப்பெண் வாங்கியவன். கடைசி விடைத்தாளின் அடியில் 'நீங்கள் இரட்சிக்கப்பட்ட தேதி' என்று ஒரு கோடு போட்டிருந்தீர்கள். பாவத்தை உணர்ந்து மனந்திரும்பிய நாள் எது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் பாதுகாப்புத் தொழிற்சாலையில் பதினேழு வருடம் குப்பை கொட்டியவனுக்குப் படிவத்தில் காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. லீவு படிவமோ குவார்ட்டர்ஸ் படிவமோ, ஓர் இடம் விட்டுப்போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நான் வேலையில் சேர்ந்த தேதியை, 14-6-1971 என்று, எழுதித் தொலைத்துவிட்டேன். தாங்களும் அதையே சான்றிதழில் போட்டு அனுப்பிவிட்டீர்கள்.

புஷ்பா அதற்குக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் வேதபாட வகுப்பு. வந்தவர்கள் எல்லாருமே தங்கள் பாடத்தை முடித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள். வகுப்பு நடத்தும் தேவஇரக்கம் அண்ணன் அதைப் படித்துவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். "நான் எழுபத்தொன்பதுலதான் இரட்சிக்கப்பட்டேன். நீங்க எனக்கு எட்டு வருஷம் மூத்தவரு, இத்தன நாளா வாயே தொறக்கலியே" என்றார். தொழிற்சாலையில்கூட எனக்குக் கிடைக்காத சீனியாரிட்டி, ஐயா. முதல் டீ எனக்குத்தான் வந்தது. வருகிற ஞாயிறு அந்த நாளைப் பற்றி நான் சபையில் சாட்சி சொல்ல வேண்டும் என்றும் முடிவாகிவிட்டது. அந்த நாளில் டாக்டர் என் பல்லைப் பார்த்தார், ஆபீசில் கைரேகை எடுத்தார்கள், வேறொன்றும் நடக்கவில்லை.

இது போதாதென்று, தொழிற்சாலையில் பக்கத்து மெஷினில் நிற்கும் துலுக்கானத்துக்கும் செய்தி போய்விட்டது. "இன்னா நைனா, எழுபத்தொண்ணுலயே திருந்திட்டியாமே? அப்போ எழுபத்தெட்டுல கேன்டீன்ல என் சொக்காய கிழிச்சது யாரு? ஞாயித்துக்கெழம நானும் வந்து கேக்கறேன்" என்கிறான்.

பயமாக இருக்கிறது, ஐயா. சபையில் மாட்டிக்கொள்வது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், சரியான தேதியைத் தேடிப் பழைய டைரிகளையெல்லாம் புரட்டியும் அப்படி ஒரு நாள் அகப்படவில்லை. பாவம் என்றால் என்ன என்று ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதினேனே தவிர, அது என்னைப் பற்றியது என்று ஒருமுறையும் உறைக்கவில்லை. இப்போது பூந்தமல்லி பஸ்ஸில் படியில் நிற்பதையே விட்டுவிட்டேன். விழுந்து செத்துப்போனால் அங்கே போய் எந்தத் தேதியைச் சொல்வேன்?

ஆகவே தயவுசெய்து என் சான்றிதழை ரத்து செய்துவிட்டு, நான் இரட்சிக்கப்பட்ட சரியான தேதியை ஞாயிற்றுக்கிழமைக்குள் தந்தியில் தெரிவிக்கவும். தங்களுக்கும், அங்கே உறை ஒட்டுகிற சகோதரிகளுக்கும் எங்கள் அன்பின் வாழ்த்துதல்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்,
சண்முகசுந்தரம்

பின்குறிப்பு (11-9-1988, ஞாயிறு மதியம்): பயத்தில் இதைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். சாட்சி சொல்ல எழுந்தேன். இந்தக் கடிதத்தையே எடுத்து வாசித்துவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. தேவஇரக்கம் அண்ணன் எழுந்து, "எனக்கும் தேதி தெரியாது. கோடு போட்டிருந்துச்சு, எழுதிட்டேன்" என்றார். பிறகு வகுப்பில் மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். தந்தி வேண்டாம், ஐயா. இத்துடன் என்னுடையதையும் சேர்த்து எட்டுச் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்புகிறேன். முதல் பாடத்தை மறுபடி அனுப்பவும். ஒன்பது பிரதி வேண்டும், துலுக்கானமும் கேட்கிறான்.