கனிவு அக்காவுக்கு ஒரு நாற்காலி

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆபரேஷன் செய்த இடத்தில் வலி குறைந்துவிட்டதா? அடுத்த வரியில் இங்கு யாவரும் நலம் என்று எழுத வேண்டும். பொய்யைப் பற்றிய கடிதத்தைப் பொய்யோடு தொடங்கக் கூடாது என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போன் செய்யாமல் தாளில் எழுதக் காரணம், எங்கள் வீட்டில் யார் போனில் பேசினாலும் அது அம்மாவின் காதில் விழும். தவிர, நம் குடும்பத்தில் போனைப் பேசுவதற்கு மட்டும் பயன்படுத்துகிற ஒரே ஆள் நீங்கள்தான். தெளிந்த புத்தி உங்களிடம் மட்டும்தான் மிச்சம் இருக்கிறது.

அப்பாவின் திரைச்சீலைக் கடையில் வியாபாரம் படுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். "கடையை எவன் பார்ப்பான்? மனுஷ முகத்தைத்தான் பார்ப்பாங்க" என்று சொல்லி, அண்ணன் ஏஐயை வைத்து ஒரு பெண்மணியை உண்டாக்கினான். காதோரம் நரை, மூக்குக்கண்ணாடி, பார்த்தவுடனே நம் கவலையைக் கொட்டத் தோன்றும் முகம். பெயர் கனிவு அக்கா, போனில் பார்க்க அவருக்கென்று ஒரு பக்கம். ஓய்வு பெற்ற நர்ஸாம், தனியாக இருக்கிறாராம், யார் குடும்பக் கஷ்டத்தை எழுதினாலும் ஆறுதல் சொல்வாராம். அண்ணன் விரலைக்கூட அசைக்க வேண்டாம், பதில் தானாகப் போய்விடும். ஆனால் எந்த ஆறுதலும் கடைசியில் ஜன்னலில் போய் முடிய வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறான். "மனசு பாரமா இருக்காம்மா? கொஞ்ச நேரம் ஜன்னலோரம் உட்காருங்க. வெயில் கண்ணைக் கூசுதா? நல்ல திரை ஒண்ணு போடுங்க." அதற்குக் கீழே எங்கள் கடை முகவரி.

இந்த வலையில் முதலில் விழுந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அம்மாதான். அண்ணன் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "ஏங்க, இந்தக் கனிவு அக்கா யாருன்னே தெரியாது, நம்ம கடையைப் போய் எவ்வளவு உயர்வா எழுதியிருக்காங்க பாருங்க! நம்மளைத் தெரிஞ்சவங்க யாரும் இப்படிச் சொன்னதில்லையே!" என்றார்கள். அப்பா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன். அப்பா, "வியாபாரம் இப்பத்தான் தலை தூக்குது, நீ போய்ப் படி" என்றார்.

படிப்பதற்கு வெளிச்சம் வேண்டுமே, சித்தி! அக்கா சொல்லச் சொல்ல அம்மா எங்கள் கடையிலிருந்தே திரை வாங்கி மாட்டுகிறார்கள். ஜன்னல்கள் தீர்ந்துபோய், இப்போது என் புத்தக அலமாரிக்கும் திரை, பிரிட்ஜுக்கும் திரை. அப்பாவுக்கு வாயைத் திறக்க வழியில்லை. "உடம்பு முடியலேன்னா சமைக்காதீங்கம்மா" என்று அக்கா எழுதிவிட்டால் அன்று அடுப்பு எரியாது. நேற்று அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "உங்க அக்காகிட்டக் கேட்டுச் சொல்லு, இன்னிக்கு எனக்குச் சோறு உண்டா இல்லையா" என்றார்.

இதுவரை சிரித்திருப்பீர்கள். இனிமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா அந்த அக்காவிடம் என்ன எழுதுகிறார்கள் என்று அண்ணன் ஒருநாள் காட்டினான். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். எல்லாம் உங்களைப் பற்றி. நீங்கள் ஆபரேஷன் விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமல் பக்கத்து வீட்டு டீச்சரிடம் முதலில் சொன்னது, அம்மா கோபத்தில் உங்களைப் பார்க்க வராதது, முன்பெல்லாம் காய் நறுக்கும்போது போனை உப்பு ஜாடி மேல் சாய்த்து வைத்துவிட்டு உங்களோடு பேசிக்கொண்டே இருந்தது. "இப்ப அந்த நேரத்துல உங்களோட பேசிட்டு இருக்கேன்க்கா" என்று முடித்திருந்தார்கள். அதற்கு வந்த பதில் ஜன்னலைப் பற்றியது.

"இது ஏமாத்து வேலை" என்றேன். "யார்கிட்டயாவது காசைப் புடுங்கினேனா? நல்லதுதானேடி சொல்லுது. நிஜமா இருக்குற சொந்தக்காரங்க எவ்வளவு பேர் இப்படிப் பேசுறாங்க?" என்றான் அண்ணன். இல்லாத தோளில் சாய்ந்தால் விழுந்துதானே ஆக வேண்டும், சித்தி? விழும்வரை சுகமாக இருக்கும் என்பதற்காக அதைத் தோள் என்று சொல்லலாமா?

அம்மா இப்போது விழுகிற இடத்துக்கு வந்துவிட்டார்கள். அக்காவை வீட்டுக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த ஏஐயும், "கண்டிப்பா வரேன்மா, ஞாயித்துக்கிழமை பார்ப்போம்" என்று தானாகவே ஒப்புக்கொண்டுவிட்டது. வீட்டை ஒட்டடை அடித்தாகிவிட்டது. வயதானவர் முதுகு வலிக்காமல் உட்கார வேண்டுமாம், மெத்தை வைத்த நாற்காலி ஒன்று வந்து ஹாலில் நிற்கிறது. எங்களில் யாரும் அதில் உட்காரக் கூடாது. அண்ணன் பயந்துபோய், அக்காவுக்குக் காய்ச்சல் என்று எழுத வைத்தான். "எந்த ஆஸ்பத்திரி? துணைக்கு யாரு இருக்காங்க? நான் வந்து இருக்கேன்" என்று அம்மா பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். உடனே அக்காவுக்குக் காய்ச்சல் குணமானது. அடுத்த யோசனையாக, "பேசாம செத்துட்டாங்கன்னு போட்டுடலாமா?" என்கிறான். இல்லாத ஒருவருக்காக அம்மா அழுவார்கள், சித்தி. அந்த அழுகை மட்டும் நிஜமாக இருக்கும்.

உண்மையைச் சொல்ல இந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை, என்னையும் சேர்த்து. நீங்கள் அம்மாவுக்கு ஒரு போன் செய்யுங்கள். காய் நறுக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நீங்கள் பேச ஆரம்பித்தால் அந்த அக்கா வராதது அம்மாவுக்குத் தாங்கிக்கொள்ள முடிகிற வலியாகிவிடும். நான் எழுதினேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் உடம்பு முழுவதும் தேறி, பழைய சத்தத்தோடு என்னைத் திட்டும் நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
நீங்கள் அகராதி என்று பட்டப்பெயர் வைத்த,
உங்கள் மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது அண்ணன் போனும் கையுமாக ஓடிவந்தான். கனிவு அக்காவுக்குத் தினமும் எழுதுகிற இன்னொரு பெண்மணி இருக்கிறாராம். புகைப்படம் இல்லை, பெயரும் இல்லை. ஆபரேஷன் ஆகி வீட்டில் இருக்கிறாராம். கூடப் பிறந்த அக்கா வந்து எட்டிப் பார்க்கவில்லையாம். "நானே போன் பண்ணட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். "உங்க மேல தப்பில்லைம்மா, பாசம் இருந்தா அவங்களே வருவாங்க, காத்திருங்க" என்று பதில் போயிருக்கிறது. அன்றைக்கே அதே பதில், எழுத்து மாறாமல், அம்மாவுக்கும் போயிருக்கிறது. ஹாலுக்கு நீலத் திரை போட்டுவிட்டீர்களாமே, சித்தி?

தெளிந்த புத்தி என்று மேலே எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள். இந்தக் கடிதம் உண்மையா என்று அந்த அக்காவிடமே கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன், "நான் நிஜம்தான்மா" என்றுதான் சொல்லும். போனும் வேண்டாம், நேரில் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், நாற்காலி காலியாக இருக்கும். வரும்போது திரை மட்டும் வாங்கி வந்துவிடாதீர்கள்.