பம்பர் ஷொக்குடன் பெண் பார்க்கப் போனது

“...போட்டோவுல மீசை இருந்திச்சே. இவருக்கு இல்லையே!”

செல்வி என்ற பெண் என்னைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தைகள் இவை. நாலந்தாவுக்குச் சற்று முன்னால், ஆமிச் சோதனைச் சாவடியின் மணல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சொன்னாள். அவளைப் பெண் பார்க்கத்தான் நான் போய்க்கொண்டிருந்தேன். இப்போது நான் யார் என்று அடையாளம் சொல்ல வேண்டியவளும் அவளேதான். ‘தெரியும்’ என்றால் விடுவார்கள். ‘தெரியாது’ என்றால் ஜீப்பில் ஏற்றி எங்கேயோ அனுப்புவார்கள். யுத்தம் நடந்த அந்த நாட்களில் அந்த ‘எங்கேயோ’வுக்குப் போனவர்கள் எப்போது திரும்பி வருவார்கள் என்று எந்தச் சாத்திரியும் குறித்துத் தர முடியாது.

அந்த இடத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் வாய்தான். வாயால் பிழைப்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு கேள்விக்கு ஒரு பதிலோடு நிறுத்த அவனால் முடியாது.

நான் அப்போது மாத்தளையில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வழிகாட்டி. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம்தான் படித்தேன். மீதி ஆங்கிலமெல்லாம் வெள்ளைக்காரர்களின் வாயிலிருந்து பொறுக்கியது. ஒரு போத்தலைத் தூக்கிக் காட்டி, இந்த எண்ணெய் தேய்த்தால் முடி கொத்துக்கொத்தாக வளரும் என்பேன். (என் நெற்றி அப்போதே உச்சியை நோக்கிப் பயணம் தொடங்கியிருந்தது. ஒருவரும் கேட்டதில்லை.)

தோட்டத்து முதலாளி உக்குவளை ஹாஜியார். எந்தத் தூதரகத்துக்காரரோ விட்டுப்போன ஒரு பழைய அமெரிக்க வண்டியைக் கொழும்பிலிருந்து வாங்கி வந்திருந்தார். மோட்டார் ஹோம். எழுபதுகளில் செய்தது. பஸ் நீளம்; உள்ளே கட்டில், அடுப்பு, அலமாரி, கக்கூஸ். உல்லாசப் பயணிகள் அதற்குள் உட்கார்ந்து இஞ்சித் தேத்தண்ணி குடிப்பதற்காக வாசலில் நிறுத்தி வைத்தார். அவர் அதைப் ‘பங்களா’ என்றார். ஊர் அதைக் ‘கக்கூஸ் பஸ்’ என்றது.

அந்த வண்டியில் எனக்குப் பிடித்தது அதன் பம்பர். பம்பருக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஷொக் அப்சோபர் இருந்தது. சக்கரத்துக்கு இருப்பது வேறு. இது பம்பருக்கென்றே தனியாக. மெதுவாக எதிலாவது முட்டினால் பம்பர் உள்ளே போகும், பிறகு கோபம் தணிந்தவர் மாதிரி மெல்ல வெளியே வரும். இதை வருகிறவர்களுக்குக் காட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வண்டியை உருட்டிப் போய்த் தென்னை மரத்தில் முட்டுவேன். உள்ளே போகும், வெளியே வரும். கைதட்டுவார்கள்.

ஒரு நாள் ஒரு கூட்டம் கைதட்டிய தட்டில் கொஞ்சம் கூடுதலாக மிதித்துவிட்டேன். மரத்திலிருந்து குரும்பட்டி கொட்டியது. பம்பரின் வலது பக்கம் வெளியே வந்தது. இடது பக்கம் போனது போனதுதான்.

ஹாஜியார் வந்து சுற்றிப் பார்த்தார்.

“என்ன தம்பி இது, வண்டி ஒரு பக்கமா இளிக்குது? பெருநாளைக்கு முந்தி நேராக்கிப் போடு. இல்லாட்டி நீயும் இளிச்சிக்கிட்டே வேற வேலை பாரு.”

தம்புள்ளையில் மரக்கறி லொறிகளுக்கு ஜாக் திருத்துகிற ஒரு கராஜ் இருந்தது. அங்கே கொண்டுபோனால் ஏதாவது செய்யலாம் என்றார்கள். நாலந்தாவில் பெண் பார்க்க நாள் குறித்திருந்தது. நாலந்தா, தம்புள்ளைக்குப் போகிற வழி. இரண்டு வேலையையும் ஒரே பஸ்ஸில் முடித்துவிடலாம் என்று தோன்றியது பாருங்கள், அந்தக் கணத்தில் யாராவது என்னைக் கட்டிலில் கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

குறித்த நாள் காலையில் அந்த இடது பக்க ஷொக்கைக் கழற்றினேன். ஒரு முழ நீளத்தில் தடித்த இரும்புக் குழாய். மேலே சிவப்பெழுத்தில், உள்ளே அழுத்தம் இருக்கிறது, துளைக்காதே, சூடாக்காதே, ஆபத்து என்று ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. எண்ணெய் கசிந்தது. பெண் பார்க்கப் போகிற சட்டை வீணாகக் கூடாதென்று புதுத் துவாயொன்றில் சுற்றினேன். பிறகு அதே வண்டியின் கண்ணாடியில் மீசையைச் சரிப்படுத்தினேன். இடது பக்கம் கொஞ்சம் குறைந்தது. வலதைக் குறைத்தேன். இப்போது இடது கூடியது. பம்பராவது ஒரு பக்கம் மிஞ்சியது, எனக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை.

பஸ்ஸில் பக்கத்தில் அத்தை, அப்பாவின் அக்கா. அவர் மடியில் வெற்றிலை, வாழைப்பழம், கற்கண்டு வைத்த தட்டு. என் மடியில் துவாய்.

“என்னடா அது, கைப்புள்ள மாதிரி?”

“பம்பர் ஷொக், அத்தை. தம்புள்ளைக்கு. பொண்ணப் பார்த்திட்டு அப்படியே போயிருவேன்.”

“நல்லா இருக்கு. அப்படியே பொண்ணு வீட்டு முத்தத்துல ஒரு டயரையும் கழட்டி மாட்டிக் காட்டு. மாப்பிள்ள கெட்டிக்காரன்னு சொல்லுவாங்க.”

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். அத்தையின் தட்டைப் பார்த்தார்கள், விட்டார்கள். என் துவாயை ஓர் இளம் சிப்பாய் பிரித்தான். சிவப்பெழுத்தைப் பார்த்தான். பிறகு அவன் என்ன கத்தினான் என்று எனக்கு ஞாபகமில்லை. எல்லோரும் ஓடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் எங்கள் சாரதி. அதைத் தூக்கித் தூரக் கொண்டுபோய் வைக்கும்படி துவக்கை நீட்டி எனக்கே கட்டளை வந்தது. வைத்தேன். கைகளை உயர்த்திக்கொண்டு திரும்பி வந்தேன். பஸ் எங்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது.

பொறுப்பாக இருந்தவர் ஒரு சாஜன், அதாவது சார்ஜன்ட். மெலிந்த மனிதர், என்னைவிட அவருக்குத்தான் அதிகம் வியர்த்தது. சில நாட்களுக்கு முன்னால்தான் எங்கோ ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்திருந்தது. (இனி வரும் பேச்செல்லாம் சிங்களத்தில் நடந்தது. எனக்குத் தமிழில்தான் வெட்கப்படத் தெரியும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.)

“அது என்ன?”

“ஷொக் அப்சோபர், மாத்தையா.”

“எந்தச் சக்கரத்துக்கு?”

“சக்கரத்துக்கில்ல. பம்பருக்கு.”

“பம்பருக்கா? நான் லொறி ஓட்டினவன்டா. பம்பருக்கு ஏது ஷொக் அப்சோபர்?”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது நம்ப முடியாத உண்மை ஒன்றைச் சொல்லிவிட்டால், மற்றவர்கள் சோற்றுக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்காமலே “பம்பருக்கு ஏது ஷொக்?” என்பார்கள். அன்றைக்கு அது பகிடியாக இருக்கவில்லை.

“இது சாதாரண வண்டியில்ல, மாத்தையா. உள்ள கட்டில் இருக்கு, குசினி இருக்கு, கக்கூஸ் இருக்கு.”

“கக்கூஸ் வச்ச வண்டி உன்கிட்ட இருக்கு. அத விட்டுட்டு பஸ்ஸில வாறாய்?”

“அது வீடு மாதிரி. ஓடாது. அதாவது ஓடும். மரத்துல முட்டுறதுக்கு மட்டும் ஓட்டுவேன்.”

“மரத்துல ஏன் முட்டுற?”

“காட்டுறதுக்கு.”

“யாருக்கு?”

“வெளிநாட்டுக்காரங்களுக்கு.”

சாஜன் இளம் சிப்பாயைப் பார்த்தார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் ஒவ்வோர் உண்மையும் முந்தியதைவிட மோசமாக இருந்தது. நிறுத்தியிருக்கலாம். நானோ செய்தே காட்டிவிடுவோம் என்று கிளம்பினேன். காவல் கொட்டிலின் தூணை மரமாக்கினேன். அத்தையைப் பம்பராக முன்னால் நிறுத்தினேன். நான் வண்டியாகிப் பின்னாலிருந்து உருண்டு வந்தேன். “இப்ப அத்த தூணுல முட்டுறாங்க, உள்ள வாறாங்க, மறுபடி மெதுவா வெளிய போறாங்க பாருங்க...” அத்தை உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, “என்ன எதுக்குடா இடிக்கிற, நாசமாப் போறவனே!” என்றார்.

சாஜன் என் அடையாள அட்டையை வாங்கினார். படத்தில் மீசை. முகத்தில் இல்லை.

“ஏன் மீசைய எடுத்தாய்?”

“ஒரு பக்கம் குறைஞ்சிருச்சி, மாத்தையா. அதச் சரிப்படுத்தப் போய்...”

உதவி செய்வதாக நினைத்து அத்தை தனக்குத் தெரிந்த சிங்களத்தில் குறுக்கே வந்தார். “மாத்தையா, இவன் நல்ல பையன். சின்ன வயசுலேருந்தே இப்படித்தான். எதையாவது கழட்டி, வயர் கியர் எல்லாம் வச்சு ஏதாவது செஞ்சிக்கிட்டே இருப்பான்.”

அதன் பிறகு என்னை மணல் மூட்டையின் மேல் உட்காரச் சொன்னார்கள்.   

எங்கே போகிறாய் என்று கேட்டதற்குச் செல்வியின் வீட்டைச் சொன்னேன். அந்தப் பெயரைக் கேட்டதும் இளம் சிப்பாய் நிமிர்ந்தான். சந்தியில் தையல் கடையில் இருக்கிற செல்வியா? இங்கே இருக்கிற எல்லோருடைய காற்சட்டையையும் இடுப்புப் பிடித்துக் கொடுப்பது அவள்தானே! சாஜன் உடனே அவனை சைக்கிளில் அனுப்பினார். அவள் வந்து ஆளைத் தெரியும் என்று சொன்னால் சரி.

அவள் என்னைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தரகர் கொடுத்த படம் ஒன்று மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தது. அதுவும் மீசையோடு.

தூரத்தில் வைத்த ஷொக்கைச் சுற்றிப் பழைய டயர்களை அடுக்கினார்கள். (அது அங்கிருந்து தம்புள்ளைக்குப் போகவேயில்லை. ஹாஜியாரின் வண்டி கடைசிவரை ஒரு பக்கமாகத்தான் இளித்தது.) அத்தையின் பக்கத்தில் வந்து நின்ற சாஜன், சும்மா நிற்க முடியாமல் தட்டைக் காட்டி, “இது எதுக்கு, அம்மே?” என்று கேட்டார்.

“பொண்ணு வீட்டுக்கு, மாத்தையா. நாங்க நீட்டுவோம். பொண்ணோட அப்பா கையில வாங்கிட்டா சம்மதம். இல்லாட்டி தேத்தண்ணியக் குடுத்து, யோசிச்சுச் சொல்றோம்னு அனுப்பிருவாங்க.”

“ஆ, சரி” என்றார் சாஜன். என்னைப் பார்த்து ஏனோ பெருமூச்சு விட்டார்.

செல்வி வந்தாள். பெண் பார்க்கக் கட்டிய சேலையோடு, அதைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, சிப்பாய்க்குப் பின்னால் தன் சைக்கிளை மிதித்து வந்தாள். வீட்டு வாசலில் ஆமிக்காரனைக் கண்டதும் அறைக்குள் போன அவளுடைய அப்பா வெளியே வரவில்லையாம். இறங்கினாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அந்த மீசை வார்த்தையைச் சொன்னாள். அதையும் சிங்களத்திலேயே சொன்னாள். சாஜனின் முகம் இறுகியது.

“முளைச்சிரும்மா!” என்று அத்தை அலறினார். “வர்ற கிழமையே முளைச்சிரும்! அவங்க அப்பாவுக்கெல்லாம் தேங்காத் தும்பு மாதிரி வளரும்!”

செல்வி முன்னால் கிடந்த தன் சடையின் நுனியைப் பிடித்து, கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த முடிக்கற்றை என் மூக்குக்குக் கீழே சரியாகப் பொருந்தும்படி பிடித்துப் பார்த்தாள். தையல்காரி அளவு பார்க்கிற மாதிரி, நிதானமாக. 

சாஜன் குரலைத் தாழ்த்தி, தங்கச்சியைக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டார். “நங்கி, கவனமாச் சொல்லு. தெரியும்னு சொல்லிட்டு நாளைக்கு ஏதாவது நடந்தா, நான் உன் வீட்டுக்குத்தான் வரணும். உன் அப்பாவத்தான் கேட்கணும்.”

அவள் சடையை விட்டாள். முகத்திலிருந்த விளையாட்டும் போனது.

“அந்தச் சாமான் என்னன்னு இவர் சொன்னாரு?”

“பம்பருக்கு ஷொக் அப்சோபராம்.”

“பம்பருக்கா?”

“கக்கூஸ் வச்ச வண்டியாம். மரத்துல முட்டிக் காட்டுவாராம்.”

நான் வாயைத் திறந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

“மாத்தையா,” என்றாள், “பொய் சொல்றவங்க நம்புற மாதிரித்தானே சொல்லுவாங்க?”

சாஜன் டயர் குவியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார்.

“அது சரி. ஆனா இவர் உனக்கு யாரு? யாரோ ஒருத்தன்னா நான் விட ஏலாது.”

 ஒரு லொறி வந்து, நின்று, சோதனை முடிந்து போனது. பிறகு செல்வி அத்தையிடம் போய், அவர் இறுக்கிப் பிடித்திருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கி, சைக்கிள் கெரியரில் வைத்து, வெற்றிலை பறக்காமல் கம்பியை இழுத்து மாட்டினாள்.