விற்றுப்போன ஏழு படங்கள்

ஐந்து மணிக்குள் அந்தப் படம் வீட்டை விட்டுப் போயாக வேண்டும். ஏனென்றால் அது காலையிலேயே விற்றுப்போய்விட்டது.

விற்றவர் ஓவியர். வாங்கியவர்தான் யாருமில்லை.

நாலடி அகலப் படத்தைப் பழைய போர்வையில் சுற்றி, மாடிப்படித் திருப்பத்தில் நேராகவும் சாய்வாகவும் குறுக்காகவும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் ஓவியர். மூன்று விதமாகவும் அது இறங்க மறுத்தது. வரையும்போதே கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம் என்று தன்னையே திட்டிக்கொண்டபோது கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி நாற்பது நிமிடம் முன்னதாகவே ஆபீஸிலிருந்து வந்துவிட்டாள்.

"என்னங்க இது?"

"படம். வித்துப்போச்சுன்னு காலையில போன்ல சொன்னேனே, அதுதான்."

"வாங்கினவர் வண்டி அனுப்ப மாட்டாரா?"

"அனுப்பியிருக்காரு. தெருமுனையில நிக்குது. உள்ள வராதாம்."

"குப்பை லாரியே உள்ள வருது."

"இது அதைவிடப் பெரிய வண்டி."

மனைவி கைப்பையைப் படியில் வைத்துவிட்டு, போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். "கடலா? அகலம் எவ்வளவு?"

"நாலடி."

"உயரம்?"

"ரெண்டரை. எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான்."

பன்னிரண்டு வருஷக் குடித்தனத்தில் அவள் எதையும் சும்மா கேட்டதே இல்லை. இப்போது என்னடாவென்றால், படத்தின் இன்னொரு முனையைத் தானே பிடித்து, ஒரே திருப்பில் படியிறக்கிக் கொடுத்துவிட்டு, "பாத்து, ஓரம் இடிக்காம கொண்டு போங்க" என்றும் சொல்லிவிட்டுப் போகிறாள். விற்றுப்போன படத்தின் ஓரத்தைப் பற்றி இவளுக்கென்ன அக்கறை?

இதெல்லாம் ஐந்து மாதம் முன்னால் ஆரம்பித்தது. ஓவியக்கூடத்தில் ஒரு வருஷம் தொங்கிய படங்கள் தொங்கின மேனிக்குத் திரும்பி வந்தன. வாடகை ஏறியது. மகளின் பள்ளிக் கட்டணமும் ஏறியது. மனைவியின் சம்பளம் மட்டும் ஏறாமல் நின்ற இடத்தில் நின்றது. கல்யாணத்தின்போது மாமனாரிடம், "என் தூரிகை உங்க பொண்ணுக்குச் சோறு போடும்" என்று மார்தட்டியிருந்தார் ஓவியர். அந்த வாய் இப்போது போய், "வேறு வேலை பார்க்கிறேன்" என்று சொல்லுமா? சொல்லாமலே பார்க்கப் போய்விட்டார்.

துணிக்கடை வாசலில் நிற்கிற ஆளுயரப் பொம்மைகள் செய்யும் தொழிற்சாலை அது. ஒருவருக்கு உதடு மட்டும், ஒருவருக்குப் புருவம் மட்டும் என்று வேலையைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஓவியருக்குக் கிடைத்தது இடது கண். நாளொன்றுக்கு நூற்றிருபது இடது கண். எதிர் ஸ்டூலில் உட்கார்ந்து வலது கண் போடுகிறவரை எல்லோரும் 'வலதுகண்' என்றே கூப்பிட்டார்கள். ஆக, தூரிகை என்னவோ சோறு போடத்தான் செய்தது.

வீட்டில் இதைச் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நண்பரின் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வரைவதாகச் சொன்னார். சம்பளம் வந்ததும், "பெரிய ஏற்றுமதிக்காரர் ஒருத்தர் என் படத்தை வாங்கிட்டாரு" என்று பணத்தை மனைவி கையில் கொடுத்தார். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து மாதம் ஒரு படம் விற்றாக வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடிகாலையிலும் வீட்டில் உட்கார்ந்து வரைந்த படங்கள், சம்பள நாளன்று ஒவ்வொன்றாகப் பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றின் பின்மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மூலைக்கு வாடகை உண்டு.

கடல் படத்தைக் கிடங்குக்காரர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நானே உள்ள வச்சுடறேனே," என்றார் ஓவியர்.

"வேண்டாம் சார், ஒரே தூசி. எங்கிட்ட விட்டுட்டீங்கல்ல, நான் பாத்துக்கறேன்."

இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மனிதர் என்று நெகிழ்ந்துபோய் வீடு திரும்பினார் ஓவியர். அங்கே மனைவி காத்திருந்தாள்.

"அந்த ஏற்றுமதிக்காரருக்கு நீலம்னா பிடிக்குமா?"

"ஏன்?"

"கடலை உடனே எடுத்துக்கிட்டாரே, அதான். போன மாசம் பழுப்பு மரம் போட்டீங்களே, அதை எடுத்துக்க யோசிச்சாரா?"

"யோசிக்கல்லாம் இல்ல."

"யோசிச்சிருப்பாரு," என்றாள் மனைவி அழுத்தமாக. "இனிமே பழுப்பு வேண்டாம்."

மோப்பம் பிடித்துவிட்டாளோ? குற்றவாளியிடம் போலீஸ்காரர்கள் இப்படித்தான் சம்பந்தமே இல்லாத கேள்விகளாகக் கேட்டுக் கடைசியில் மடக்குவார்கள் என்று எங்கோ படித்திருந்தார்.

அதோடு இன்னொன்றும் அவரை உறுத்தியது. ஐந்து மாதத்தில் மனைவிக்கு மூன்று முறை போனஸ் வந்திருந்தது. ஒரு போனஸ் வாஷிங் மெஷினாக மாறி மூலையில் சுற்றிக்கொண்டிருந்தது. சம்பளத்தையே ஏற்றாத ஆபீஸ் போனஸை மட்டும் ஏன் இப்படி வாரி இறைக்கிறது? சனிக்கிழமை அரைநாள் வேலை. அவளோ இருட்டும் நேரத்துக்குத்தான் வருகிறாள். கேட்டால், "ஆபீஸ்ல வேலை" என்கிறாள். கேட்கலாம்தான். ஆனால் தன் மடியில் கனம் இருக்கும்போது அடுத்தவர் மடியைத் துழாவ முடியுமா?

"என்னங்க, என் இடது கண்ணையே உத்துப் பாக்கறீங்க?"

"அழகா இருக்கு."

"அப்ப வலது?"

"அதை இன்னும் பாக்கல."

அடுத்த வாரம் மனைவி பெரிய குண்டாகப் போட்டாள். "அந்த ஏற்றுமதிக்காரரை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடுங்க. நம்ம குடும்பத்துக்கே படியளக்கறாரு, ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டாமா?"

"அவரு வெளிநாடு போயிட்டாரு."

"எப்ப?"

"மூணு மாசம் ஆச்சு."

"போன வாரம் கடல் வாங்கினாரே?"

"அவரோட மேனேஜர் வாங்கினாரு."

"அப்ப மேனேஜரைக் கூப்பிடுங்க."

இப்படியாக, ஞாயிற்றுக்கிழமை காலை, வலதுகண் மேனேஜராக வந்து இறங்கினார். கடன் வாங்கிய கோட்டு தோளில் கச்சிதமாக இருந்தது. கை மட்டும் விரல்நுனி வரை வழிந்தது. "அதிகம் பேசாதே, டீயைக் குடி, எழுந்து போ" என்று ஓவியர் நூறு முறை சொல்லி வைத்திருந்தார்.

"உங்க முதலாளிக்கு எந்தப் படம் ரொம்பப் பிடிச்சுதுங்க?" என்றாள் மனைவி.

வலதுகண் ஒரு படத்தையும் கண்ணால் பார்த்ததில்லை. கொஞ்சம் யோசித்தார். "எல்லாமே அருமைங்க. குறிப்பா அந்தக் கண்ணு! அப்படியே உயிரோட நம்மளைப் பாக்குது."

இதுவரை விற்ற ஐந்திலும் கடல், மரம், மழை, பாலம், மறுபடி மரம். மருந்துக்குக்கூட ஒரு மனிதர் கிடையாது. ஓவியர் இருமினார். மனைவியோ முகத்தில் ஒரு மாறுதலும் காட்டாமல் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தாள்.

"உங்க முதலாளிகிட்ட ஒண்ணு சொல்லுங்க. அடுத்தது கொஞ்சம் சின்னதா கேக்கச் சொல்லுங்க. மூணடிக்கு ரெண்டடி. சோபாவுக்கு மேல மாட்ட அதுதான் சரியா இருக்கும்."

"சொல்லிடறேங்க."

"நீலம் தூக்கலா இருக்கட்டும். அப்பறம், மாசம் ஒண்ணு போதுமா உங்களுக்கு? பெரிய வீடுன்னு இவர் சொன்னாரே?"

வலதுகண்ணுக்கு வேஷம் தலைக்கேறிவிட்டது. கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "போதவே போதாதுங்க. இந்த மாசம் ரெண்டா எடுத்துக்கலாம்னு இருக்கோம்."

ஓவியர் மேஜைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தார். அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்ட வலதுகண், "விலையையும் கொஞ்சம் கூட்டிக் குடுத்துடறோம்" என்றார்.

அவர் போன பிறகு மகள் கேட்டாள். "அப்பா, அந்த மாமா ஏன் என் ஒரு கண்ணை மட்டுமே பாத்தாரு? நீயும் அப்படித்தான் பாக்கறே. ஆனா நீ இந்தப் பக்கத்துக் கண்ணு."

"போய்ப் படிம்மா," என்றார் ஓவியர். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பைகளை எடுத்துப் போனாள். அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. எல்லாம் தெரிந்துவிட்டது, சொல்லாமல் உள்ளுக்குள் வைத்துக் குமைகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டு படத்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமே! தொழிற்சாலையில் கூடுதல் நேரம் கேட்டு வாங்கினார். அதற்கு ஈடாக வலதுகண்ணின் பங்கிலும் பாதியை அவரே போட வேண்டியிருந்தது. இடது கண்ணில் ஊறிய கை வலது பக்கம் போனதும் தடுமாறியது. அந்த வாரம் ஒரு கடைக்குப் போன முப்பது பொம்மைகளும் திரும்பி வந்தன. உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் அவை ஓரக்கண்ணால் சந்தேகமாகப் பார்க்கின்றனவாம். 'எங்களைத் திருடன்னு நெனைச்சீங்களா?' என்று வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். முப்பதுக்கும் கூலி பிடித்தார்கள். கடைசியில் முன்பணம் வாங்கி, மூன்றடிக்கு இரண்டடியில் நீலம் தூக்கலாக வரைந்த இரண்டு படங்களை விற்று முடித்தார் ஓவியர். கிடங்கின் பின்மூலையில் கணக்கு ஏழாயிற்று.

அதற்கு மூன்றாம் நாள் மகள் பள்ளியிலிருந்து ஒரு கடிதத்தோடு துள்ளிக்கொண்டு வந்தாள். பள்ளி விழாவில் 'புகழ்பெற்ற ஓவியர்' என்று போட்டு, அவருடைய படங்களை ஒருநாள் மாட்டி வைக்கப் போகிறார்களாம்.

"அப்பா படமெல்லாம் வித்துப்போச்சே, எப்படிம்மா தருவாங்கன்னு மிஸ் கேட்டாங்க. எங்கப்பா கேட்டா ஏற்றுமதிக்காரர் ஒருநாளைக்குத் தருவாருன்னு சொல்லிட்டேன். ஏழும் வரும்னு சொல்லிட்டேன்பா!"

ஓவியருக்கு ஏனோ முதல் முறையாக நிம்மதியாக இருந்தது. ஏழும் பத்திரமாக இருக்கின்றன. நாளைக்கே கொண்டுவந்து விடலாம். ஆனால் மனைவியின் முகம் வெளிறிப்போனதை அவர் கவனித்தார்.

"அதெல்லாம் வேண்டாம்," என்றாள் அவசரமாக.

"ஏன்?"

"வித்ததைத் திரும்பக் கேக்கறது மரியாதை இல்ல."

"ஒரு நாளைக்குத்தானே?"

"வேண்டாம்னா விடுங்களேன்! புதுசா ஏதாவது வரைஞ்சு குடுங்க. மிஸ்கிட்ட நான் பேசிக்கறேன்."

ஓவியருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் நாலு பேர் முன்னால் புருஷன் மானம் போகக் கூடாது என்று பதறுகிறாள். ஏற்றுமதிக்காரர் பொய், மேனேஜர் பொய் என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இத்தனை நாள் அவரைக் காப்பாற்றி வந்திருக்கிறாள். இவளையா சந்தேகப்பட்டோம், இவள் போனஸையா சந்தேகப்பட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. போதும். படங்களை எடுத்து வந்து அவள் முன்னால் வரிசையாக நிறுத்தி, எதையும் விற்கவில்லை, பொம்மைக்குக் கண் போட்ட காசுதான் எல்லாம் என்று ஒப்புக்கொண்டுவிட வேண்டும். திட்டினால் திட்டட்டும்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, வாடகை வண்டியோடு கிடங்குக்குப் போனார். கிடங்குக்காரர் "தூசி சார், தூசி சார்" என்று குறுக்கே விழுந்தும் கேட்காமல், கால் உடைந்த நாற்காலிகளைத் தாண்டிப் பின்மூலைக்குப் போய்விட்டார்.

மூலை காலியாக இருந்தது. அவருடைய பழைய போர்வைகள் மட்டும் ஏழும் ஒழுங்காக மடித்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"யோவ்! என் படமெல்லாம் எங்கய்யா?"

கிடங்குக்காரர் தலையைச் சொறிந்தார். "கோபப்படாதீங்க சார். ஒண்ணும் திருட்டுப் போகல. எல்லாம் நல்ல விலைக்குத்தான் போயிருக்கு. இன்னும் நாலு பேரு நீலத்துல சொல்லி வச்சிருக்காங்க."

"யாரு வித்தது?"

"உங்க வீட்டம்மாதான். முதல் மாசமே என் ரசீதையும் பொம்மைக் கம்பெனி சம்பளச் சீட்டையும் உங்க சட்டைப்பையில பாத்துட்டு வந்துட்டாங்க. சனிக்கிழமை சனிக்கிழமை ஆள் கூட்டிட்டு வந்து காட்டுவாங்க."

ஓவியர் பக்கத்திலிருந்த ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அதற்கு மூன்று கால்தான் இருந்தது என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. தன் படங்கள் விற்கின்றன. நிஜமாகவே, நிஜ மனிதர்கள், நிஜப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். சந்தோஷத்தில் கிடங்குக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதை ஏன்யா எங்கிட்ட மறைச்சா?"

கிடங்குக்காரர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னார்:

"தெரிஞ்சா, கண்ணு போடற வேலையை விட்டுடுவீங்களாம் சார்."