ஒரு பிடி போடுகிறவர்

மண்பாண்டப் பட்டறைக்குள் எப்போதாவது எட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பிறவியை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். மண் பிசையும் இடத்தில் தேடாதீர்கள். அங்கே இடுப்பு வலிக்கும். கிளேஸ் வாளிகள் இருக்கும் மூலையில் பாருங்கள். கிளேஸ் என்பது பாத்திரத்தின்மேல் பூசும் கல்மாவுக் கரைசல். சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படியும். அந்த வாளியைக் கண்டால் இவருக்குக் கை சும்மா இருக்காது.

மூடியைத் திறப்பார், விரலை விடுவார், விளக்குக்கு நேரே பிடிப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார் (அதில் என்ன தெரியுமோ, அவருக்கே வெளிச்சம்), கண்ணை மூடிக்கொண்டு "ம்ம்... ஏதோ ஒண்ணு குறையுது" என்பார். என்ன குறைகிறது என்று கேட்டுவிடாதீர்கள். சொல்லிவிடுவார். சிலிக்காவில் ஆரம்பித்தால் உங்கள் பாத்திரம் காய்ந்து, நீங்களும் காய்ந்த பிறகுதான் விடுவார். தராசு? அது கற்றுக்குட்டிகளுக்கு. முதலில் ஒரு சில்லில் பூசிச் சுட்டுப் பார்க்கலாமே? "எனக்குக் கண்ணே போதும்!"

இவர் பாத்திரத்தில் கிளேஸ் வெடித்தால் அதற்குப் பெயர் ஜீவன். உங்களுடையதில் வெடித்தால் கவனக்குறைவு. தப்பித்தவறி உங்களுடையது நன்றாக வந்துவிட்டால் அது சூளை செய்த புண்ணியம்.

எங்கள் பட்டறைக்கு ஒரு டீச்சர் வருகிறார். நோயில் விழுந்து எழுந்த அவருடைய அப்பாவுக்குக் கை நடுக்கம். யாராவது டம்ளரை வாயில் வைத்தால்தான் குடிக்க முடியும். அந்த மனிதருக்கு அது பெரிய அவமானம். அவர் தானே பிடித்துக் குடிக்கட்டும் என்று, அவர் கைக்கு அளவெடுத்து, அகலமான அடியும் இரண்டு பக்கமும் காதுமாக டீச்சர் ஒரு கோப்பை செய்தார். கோணிப்போனவை எத்தனையோ. கடைசியில் ஒன்று சரியாக வந்தது. அதைப் பொது வாளியிலிருந்த வெள்ளை கிளேஸில் முக்கிச் சூளைக்கு அனுப்பினார்.

திறந்தபோது வெள்ளை பச்சையாகியிருந்தது. வழிந்து இறங்கிக் கோப்பையைச் சூளைக்குள் இருந்த கல் பலகையோடு ஒட்டவைத்திருந்தது. உளி வைத்துத் தட்டியதும் கோப்பை கையோடு வந்தது. அடி மட்டும் பலகையிலேயே நின்றுவிட்டது.

நம் நிபுணர்தான் முதலில் வாய் திறந்தார். "அடியில ஒட்டின கிளேஸைச் சரியாத் துடைச்சிருக்க மாட்டீங்க. எத்தனை தடவை சொல்றது?"

"அண்ணே, வாளியில என்ன போட்டீங்க?" என்றார் டீச்சர்.

"ஒண்ணும் போடலையே... சாம்பல்தான். ஒரு பிடி. வெள்ளை ரொம்ப உயிரில்லாம இருந்துச்சு."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"இதைப் போய்க் கேப்பாங்களா? நல்லதுக்குத்தானேம்மா!" கோப்பையை வாங்கிச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஆனா இந்தப் பச்சையைப் பாருங்க. என்ன ஜீவன்!"

"அப்பா இதுல எப்படிக் குடிப்பாரு?"

"அலமாரியில வைங்க. அழகா இருக்கும்."

எனக்கு அந்த வாளியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. டீச்சர் புது மண்ணை எடுத்துப் பிசைய உட்கார்ந்தார். இவர் பின்னாலேயே போய், "மண்ணு கொஞ்சம் இறுகலா இருக்கே" என்று தண்ணீர்ச் செம்பை எடுத்தார்.

சிரிக்கிறீர்கள். மண்ணையே தொடாத உங்களுக்கென்ன! சரி, அன்றைக்கு உங்கள் வீட்டில் அண்ணி அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு அந்தப் பக்கம் போனபோது, மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உப்பு டப்பாவை எடுத்தது யார்? ஒரு பிடி இல்லை, சிட்டிகைதான். நல்லதுக்குத்தான். அப்புறம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது, "இன்னைக்கு அண்ணிக்குக் கை கொஞ்சம் தாராளம்" என்று முதலில் வாய் திறந்ததும் நீங்கள்தானே?