வராத ரோட்டுக்குக் காவல் நின்ற சிம்பாங் அண்ணன்

ரோட்டைக் கடக்கப் பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இல்லாத ரோட்டைக் கடக்கப் பயந்த மனிதர், மலாக்கா நீரிணைக்கு இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் தேடினாலும், சிம்பாங் அண்ணன் ஒருவர்தான்.

நான் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துக்காரன். படிவம் இரண்டோடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. செம்பனைக் குலை சுமந்தேன், பிறைத் துறைமுகத்தில் பெட்டி ஏற்றினேன், ஜொகூரில் கோழி உரித்தேன். அப்படியே சுற்றிக்கொண்டு ஜார்ஜ் டவுனுக்கு வந்து, ஜெலுத்தோங் பக்கம் ஒரு டயர் கடையில் சேர்ந்தேன். கடைக்குப் பின்னால் பழைய டயர்களை அடுக்கி மேலே பலகை போட்டுப் படுக்கை. மழை பெய்தால் டயருக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் கொசு. தூக்கம் நன்றாகத்தான் வந்தது.

கடைக்கும் எதிரே இருந்த ஃபிளாட்டுக்கும் நடுவில் ஒரு நீளமான புல்வெளி. பெரிய ரோட்டில் தொடங்கிக் கடற்கரை வரைக்கும் ஓடும். 'இங்கே நெடுஞ்சாலை வரும்' என்று அரசாங்கம் எந்தக் காலத்திலோ வரைபடத்தில் கோடு போட்டு ஒதுக்கிய நிலம் அது. ஜனங்கள் அதை ரிசர்வ் என்பார்கள். கோடு போட்டவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். ரோடு வரவில்லை. வாழை வந்தது, கோழி வந்தது, உடும்பு வந்தது, யாரோ கொண்டுவந்து போட்ட கிழிந்த சோபா வந்தது.

வேலைக்குச் சேர்ந்த மறுநாள், மத்தியானத்துக்கு வாங்கிய மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலத்தோடு புல்லைக் கடந்தேன். காதுக்குப் பக்கத்தில் விசில் கிழித்தது. தூக்கிவாரிப் போட்டது.

"டேய்! நில்லு! ரெண்டு பக்கமும் பாத்தியா?"

காக்கிச் சட்டை போட்ட ஒரு பெரியவர். கழுத்தில் கயிறு, கயிற்றில் விசில்.

"எதுக்குண்ணே பாக்கணும்?"

"லோரி வரும்."

வலப்பக்கம் ஒரு கோழி. இடப்பக்கம் அதன் குஞ்சுகள்.

"லோரி எங்கண்ணே இருக்கு?"

"உனக்கு போன் போட்டுச் சொல்லிட்டுத்தான் வருமா? ரைட்டு பாரு, லெஃப்ட்டு பாரு, மறுபடியும் ரைட்டு பாரு. அப்புறம் போ."

பார்த்தேன். பசி அப்படி.

பிறையில் ஒரு தொழிற்சாலை வாசலில் லோரிகளுக்குத் தடுப்புக் கம்பத்தைத் தூக்கி இறக்கி ஓய்வு பெற்ற காவலாளி அவர். வேலை போனது, விசில் போகவில்லை. புல்வெளியின் நடுவில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கதான் சிம்பாங் வரும்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லுவார். சிம்பாங் என்றால் மலாயில் சாலை பிரியும் முனை. அதுவே அவர் பெயராகிவிட்டது.

பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு நாள் டயரில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தபடி அவரே சொன்னார். அந்தச் சிம்பாங் வரவேண்டிய இடத்தில்தான் அவர்களுடைய பலகை வீடு இருந்ததாம். ரோட்டுக்கு இடம் வேண்டும் என்று ஆட்கள் வந்தபோது மற்றவர்கள் முரண்டு பிடித்தார்கள். இவருடைய அப்பா மட்டும், ஊருக்கு ரோடு வரட்டும் என்று முதல் ஆளாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். ஃபிளாட்டில் மூன்றாவது மாடியில் வீடு கிடைத்தது. அதன்பிறகு தினமும் சாயங்காலம் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டுக் கீழே பார்ப்பாராம். 'இன்னும் வரலியாடா?' என்பாராம். பார்த்துக்கொண்டே இருந்து ஒரு நாள் போய்விட்டார்.

"ரோடு வரலைன்னா எங்கப்பா சும்மாத்தானடா வீட்டக் குடுத்திருக்காரு?" என்றார் சிம்பாங் அண்ணன். இன்னொரு தே வாங்கிக் கொடுத்தேன்.

காரணம் இப்படி நியாயமாக இருந்தாலும் காரியங்கள் அப்படி இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு வந்த வேன் எங்கள் முனையில் நின்று கோயிலுக்கு வழி கேட்டது. சிம்பாங் அண்ணன் விசில் ஊதி, கையை வீசி, "நேராப் போயி சிம்பாங்ல லெஃப்ட்டு எடு" என்று அனுப்பிவிட்டார். அடுத்த நிமிஷம் வேன் சேற்றில் அச்சு வரைக்கும் இறங்கி நின்றது. பட்டுப்புடவையும் பூமாலையுமாக மணப்பெண் வாழைத் தோப்புக்குள்ளிருந்து நடந்து வந்ததைப் பார்த்து ஒரு சீனக் கிழவர் சாமி வந்துவிட்டது என்று கும்பிட்டார். பெண்ணின் தகப்பனார் சிம்பாங் அண்ணனுடைய சட்டையைப் பிடித்தார்.

"என்னாய்யா வழி சொன்னே நீ?"

"வழி சரிதான்லா. ரோடு இன்னும் வரல, அவ்வளவுதான்."

ஃபிலோமினா டீச்சரோடு அவருக்குத் தீராத சண்டை. ஓய்வு பெற்ற ஆசிரியை. தேவாலயத்தில் பாட்டுக் குழுவை நடத்திய குரல். ரிசர்வில் வாழை, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் அவர் வைத்ததுதான். சிம்பாங் அண்ணன் ஒவ்வொரு செடியாகப் பார்வையிடுவார்.

"டீச்சர், கறிவேப்பிலை டிவைடர்ல நிக்குது. இருக்கட்டும். முருங்கை ஃபாஸ்ட் லேன்ல நிக்குது. எடுங்க."

"நீங்க முதல்ல ஃபாஸ்ட்டா வீட்டுக்குப் போங்க அண்ணே."

திட்டிவிட்டு மறுநாள் டீச்சரே அதே முருங்கையில் காய் பறித்து அவருக்குக் கொடுத்தனுப்புவார். இவரும் வாங்கிக்கொள்வார், ஃபாஸ்ட் லேனைக் காலி செய்கிற வேலை என்று.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் நகராண்மைக் கழகத்திலிருந்து சேதி வந்தது. ரிசர்வை என்ன செய்யலாம் என்று ஜனங்களிடமே கேட்கப்போகிறார்களாம். எங்களுக்கு அதிர்ச்சி. அதுவரை யாரும் எங்களை எதுவும் கேட்டதில்லை.

உடனே ஃபிளாட் மூன்றாகப் பிளந்தது. ரோடுதான் வேண்டும் என்பது சிம்பாங் அண்ணன் கட்சி. புல்லும் மரமும் அப்படியே இருக்க, நடுவில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை வேண்டும் என்பது டீச்சர் கட்சி. மொத்தத்தையும் சிமெண்டு பூசிக் கார் நிறுத்தும் இடமாக்க வேண்டும் என்பது தரைமாடிக் குமார் கட்சி. ஒரே குடும்பத்தில் புருஷன் ரோடு, பெண்டாட்டி பாதை, மருமகன் பார்க்கிங் என்று ஆகி, சோறு பொங்காத வீடுகளும் இருந்தன.

குமார் கட்சிக்கும் நியாயம் உண்டு. எங்கள் ஃபிளாட்டில் கார் நிறுத்த இடமே கிடையாது. நிற்கிற காரை மறித்து இன்னொரு காரை நிறுத்திவிட்டுப் போவார்கள். ஆனால் மரியாதையாக, ஹேண்ட்பிரேக் போடாமல், நியூட்ரலில் விட்டுப் போவார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவர் வெளியே வரவேண்டுமென்றால் அந்தக் காரைக் கையால் தள்ளிக்கொள்ளலாம். ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுப் போகிறவனை இங்கே மனுஷனாகவே மதிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ரிசர்விலேயே கூடாரம் போட்டுக் கூட்டம் நடந்தது. கழகத்து அதிகாரி ஒரு மலாய் இளைஞர், சட்டை கசங்காதவர். டீச்சர் ஒலிவாங்கியைப் பிடித்தார். சரியாக அதே நேரத்தில், மேட்டில் இருந்த ஃபிளாட் வாசலில் குமார் அதிகாரியைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"சார்! இங்க பாருங்க சார்! தினமும் நாங்க படுற பாட்டைப் பாருங்க!"

தன்னுடைய வெள்ளைக் காரின் பின்னால் போய்க் குனிந்தார். தள்ளிக் காட்டினார். அதிகாரி பார்ப்பார் என்ற உற்சாகத்தில் கொஞ்சம் பலமாகவே தள்ளிவிட்டார்.

கார் போனது. பக்கத்துக் கார்களைத் தாண்டி, ஓரக் கல்லை ஏறிக் குதித்து, மேட்டிலிருந்து புல்லுக்கு இறங்கியது. உள்ளே ஆள் இல்லை, சத்தமும் இல்லை.

இங்கே டீச்சர் பேசிக்கொண்டிருந்தார்: "இந்தப் புல்லுல இன்னிக்கு வரைக்கும் ஓர் எறும்புகூட அடிபட்டதில்ல…"

எல்லாரும் டீச்சரைப் பார்த்தோம். ஒரே ஒருவர்தான் வலமும் இடமும் பார்த்துக்கொண்டிருந்தார். விசில் ஒலித்தது. சிம்பாங் அண்ணன் கூடாரத்துக்கும் காருக்கும் நடுவில் ஓடி, கையை உயர்த்தி, பிறையில் எத்தனையோ லோரிகளை நிறுத்திய அதே தோரணையில் நின்றார். லோரிக்கு ஓட்டுநர் உண்டு. கைக்கு மரியாதை கொடுப்பான். இது நிற்கவில்லை. கடைசி நொடியில் அவர் திரும்பி, ஒலிவாங்கியோடு நின்ற டீச்சரைப் பிடித்துத் தள்ளினார். கார் அவர் காலைத் தட்டிவிட்டு, கூடாரத்தின் ஒரு காலைப் பிடுங்கிக்கொண்டு, வாழைகளுக்குள் புகுந்து நின்றது.

ஒலிவாங்கி மட்டும் கீயென்று கத்திக்கொண்டிருந்தது. முதலில் குரல் கொடுத்தவர் புல்லில் கிடந்த சிம்பாங் அண்ணன்தான்.

"நம்பரைக் குறிச்சிக்கடா!"

"அண்ணே, அது குமார் காடிண்ணே. குமார் இங்கதான் நிக்கிறாரு, அழுதுகிட்டு."

"யாரா இருந்தா என்ன? குறி!"

போலீஸ்காரர் வந்து மலாயில் விசாரித்தார். எந்த ரோட்டில் விபத்து? பெயர் என்ன? ரோடே இல்லை என்றோம். ரோடு இல்லாமல் எப்படிச் சாலை விபத்து எழுதுவது என்று அவர் தலையைச் சொறிந்தார். தூக்குப் படுக்கையில் படுத்திருந்த சிம்பாங் அண்ணனுடைய முகத்தில் வலியையும் மீறி ஒரு வெளிச்சம்.

"கேட்டியாடா? ரோட்டுப் பேரு கேக்குறாரு!"

பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டுப் போட்டார்கள். முதல் நாள் ராஜா மாதிரி இருந்தார். பக்கத்துப் படுக்கைகளில் இருந்தவர்களையெல்லாம் விசாரித்தார். எல்லாம் இளவட்டங்கள். மோட்டார் சைக்கிளில் பிறைக்கு ஷிப்ட் வேலைக்குப் போனவன், வந்தவன், பொண்டாட்டியைக் கொண்டுபோய் விட்டவன். "தம்பி, உனக்கு எந்த ரோடு?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். அவர்களும் சொன்னார்கள். எல்லாம் அவருக்குத் தெரிந்த ரோடுகள். அவர் பெருமையாகப் பேசி வந்த ரோடுகள்.

மறுநாள் நான் கஞ்சி கொண்டுபோனபோது எதிர்ப் படுக்கையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அங்கே இருந்த பையனுக்கு முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாக இருந்தது.

"அவனும் ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான்டா போயிருக்கான்" என்றார்.

நான் எத்தனையோ அடி பார்த்தவன். அவர் அப்படிக் கிடந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

ஃபிலோமினா டீச்சர் ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ஜெபமாலையை உருட்டிவிட்டுச் சொன்னார்: "அண்ணே, அடுத்த கூட்டத்துல நான் ரோட்டுக்கே கை தூக்குறேன். எங்க ஆளுங்ககிட்டயும் சொல்லிட்டேன். உங்கப்பா குடுத்த வீடு வீணாகக் கூடாது."

அண்ணன் ஆரஞ்சை உரித்து டீச்சருக்கே பாதி கொடுத்தார்.

அடுத்த கூட்டம் சமூக மண்டபத்தில். சக்கர நாற்காலியில் அவரைத் தள்ளிக்கொண்டு போனேன். குமார் ஓடி வந்து கதவைத் திறந்து பிடித்தார். விபத்துக்குப் பிறகு சிம்பாங் அண்ணனுக்காகத் திறக்காத கதவே இல்லை. ரோடு வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் அதிகாரி. டீச்சரின் கை உயர்ந்தது. பாட்டுக் குழு மொத்தமும் உயர்த்தியது. பரிகாரமாக நினைத்து குமாரும் உயர்த்தினார். எல்லாரும் சக்கர நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். அண்ணனுடைய கைகள் மடியில் கிடந்தன.

"அண்ணே, ரோடுண்ணே! ரோட்டுக்குத்தான் கேக்குறாரு!" என்றேன்.

"காது கேக்குதுடா."

நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை வேண்டும் என்பவர்கள்? அதிகாரி கேட்டு முடிப்பதற்குள் ஒரே ஒரு கை தூக்கப்பட்டது. சிம்பாங் அண்ணன் கை. பிறகு டீச்சர், "ஆண்டவரே" என்று முணுமுணுத்துவிட்டுத் தன் கையையும் இந்தப் பக்கம் மாற்றித் தூக்கினார். பின்னால் பாட்டுக் குழு. பின்னால் குமார். எண்ணிக்கொண்டிருந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

திரும்பி வரும் வழியில் நான் பொறுக்காமல் கேட்டேன். "என்னாண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க? அப்பாவுக்கு என்ன பதில் சொல்லப்போறீங்க?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"எங்கப்பாவுக்குக் காடி ஓட்டவே தெரியாதுடா. லைசென்ஸும் கெடையாது. சாகுற வரைக்கும் சைக்கிள்தான். நான்தான் இத்தனை வருசமா லோரியைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். அந்த மனுசன் லோரியா கேட்டாரு?"

பாதை வேலை சீக்கிரம் தொடங்கும் என்று கழகத்தில் சொல்லியிருக்கிறார்கள். சீக்கிரம் என்றால் எவ்வளவு என்பது எங்களுக்குத் தெரியும். சென்ற மாதம் டயர் கடைக்கு ஒரு பழைய சைக்கிள் வந்தது. போட்டுவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. சங்கிலியை மாற்றினேன். பின்னால் அகலமான கேரியர் பொருத்தி, அதன்மேல் பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை ஒன்றையும் கட்டியிருக்கிறேன். வலது காலை மடக்க முடியாத ஒருவர் பக்கவாட்டில் சௌகரியமாக உட்காரலாம்.