டைவர்ஜ் ஆனது தண்ணீர்தான்

மதிப்பிற்குரிய சம்பந்தி சுரண்டை நாசர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க துஆச் செய்கிறேன். எங்கள் நலம் தங்கள் மன்னிப்பில்தான் இருக்கிறது. போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டதால் தபாலில் வருகிறேன். கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

தங்கள் மருமகள் ஹம்னா ஆராய்ச்சிப் படிப்பு படிப்பது தாங்கள் அறிந்ததே. டர்பைன் சக்கரத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிடும் தகடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து, அவற்றின் இடுக்கு வழியே தண்ணீரை ஓடவிட்டுப் பார்க்கிறாள். நனைக்காத தண்ணீர். குற்றாலத்தில் சீசன் கொட்டுகிறது, தென்காசிவரை சாரல் அடிக்கிறது, இவள் மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டு இல்லாத தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறாள். போன வெள்ளிக்கிழமை டீ கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே சிநேகிதி ஜெஸியிடம் போனில் சொல்லுகிறாள்: “எவ்வளவோ அட்ஜஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன்ட்டி. மொதல்ல நல்லாத்தான் போச்சு. ரெண்டு பக்கமும் பிரஷர் ஏறி டைவர்ஜ் ஆயிட்டு. இனி சேராது. இத விட்டுட்டுப் புதுசா ஒண்ணு ஆரம்பிக்க வேண்டியதுதான்.”

என் காதில் விழுந்தது டைவர்ஸ். பெற்ற மனம் பித்து என்பார்கள். எனக்கு அது முற்றியே போய்விட்டது. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மாப்பிள்ளை உசாமா சார்ஜாவிலிருந்து அனுப்பிய கம்பளிப் போர்வையைச் சுருட்டித் தங்கள் வீட்டுக்கு சுரண்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். சூடு தணியட்டும் என்று குற்றாலம் போய் எண்ணெய் தேய்க்க உட்கார்ந்து, அங்கிருந்துதான் டைவர்ஸ் என்று தங்களுக்குப் போன் போட்டேன். எண்ணெய் விரல் வழுக்கி ஸ்பீக்கரில் பட்டுவிட்டது. தாங்கள் என் பரம்பரையைப் பற்றிச் சொன்ன அனைத்தையும் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள். எண்ணெய் தேய்க்கும் இசக்கிமணி என் உச்சந்தலையைத் தட்டிக்கொண்டே, “விடுங்க அண்ணாச்சி, ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேசுனா சரியாயிரும்” என்றான். நானோ அதற்குள் தங்கள் பரம்பரையைத் தொடங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் ஹம்னா, “போர்வை எங்க வாப்பா?” என்கிறாள். விஷயம் தெரிந்ததும் தலையில் கைவைத்தாள். பிறகு திரையைக் காட்டி விளக்கினாள். கணக்கு ஒரு விடையில் வந்து நிற்க வேண்டுமாம். நிற்காமல் தறிகெட்டுப் போனால் டைவர்ஜாம். தகட்டின் கோணத்தில்தான் தப்பாம். ஒரே ஒரு எழுத்துக்காக நல்ல சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மனைவி சைதூன் பீவி குளிரில் நடுங்கிக்கொண்டே என்னைப் பார்க்கிற பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. பிள்ளைகளுக்குள் ஒரு குறையும் இல்லை, சம்பந்தி. நடந்ததை மாப்பிள்ளையிடம் தாங்களே எடுத்துச் சொல்லி அவர் மனதை ஆற்ற வேண்டும்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் சலாம். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும், என் விஷயத்தில் மறதியும் தருவானாக.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும்
துல்கர்னைன், தென்காசி

பின்குறிப்பு: ஹம்னா இதைப் படித்துவிட்டாள். மாப்பிள்ளையிடம் எதையும் சொல்ல வேண்டாமாம். மாதக்கணக்கில் பேச நேரமில்லாமல் இருந்தவர், தாங்கள் டைவர்ஸ் என்று சொன்னதிலிருந்து தினமும் கூப்பிடுகிறாராம், லீவும் போட்டுவிட்டாராம். “வாப்பா, கல்யாணமாகி மூணு வருஷத்துல, நீ என்னதான் ஆராய்ச்சி பண்ணுதேன்னு அவிய நேத்துத்தான் மொதல்ல கேட்டாவ” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆகையால் சம்பந்தி, அவர் விமானம் இறங்கும்வரை அது டைவர்ஸாகவே இருக்கட்டும்.