பற்றரி லோ, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்

கண்டக்குழி,
உயிர்த்த ஞாயிற்றுக்கு மறுநாள், 2022.

இத்தாலியில் குளிரோடும் வேலையோடும் மல்லுக்கட்டும் என் அன்புத் தங்கச்சி பிரான்சிஸ்காவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன் வீட்டிலும் உன் சமையலறையிலும் நிலைப்பதாக. இங்கே நானும் உன் மச்சாளும் இரண்டு ஆடுகளும் சுகம். கரண்ட் மட்டும் சுகமில்லை, நாடு முழுக்க எண்ணெய்த் தட்டுப்பாட்டால் முறைவைத்து வெட்டுகிறார்கள். போனில் சார்ஜ் இல்லாதபடியால்தான் இப்படிக் கடதாசியில் எழுதுகிறேன். அடுத்த கிழமை இத்தாலிக்குத் திரும்பும் நிலுக்சனிடம் இதைக் கொடுத்துவிடுவேன்.

நீ அனுப்பிய இடுப்பு ஸ்பீக்கர் தவக்காலத் தொடக்கத்தில் பத்திரமாகக் கிடைத்தது. கழுத்து ஒப்பரேஷனுக்குப் பிறகு என் குரல் காற்றுப்போன பலூன்போல ஆகிவிட்டதை நீ அறிவாய். முப்பத்தொரு வருடமாகக் கோயிலில் அண்ணாவியாக நின்று செபம் சொல்லிக் கொடுத்தவன், பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காமல் முணுமுணுத்தால் யார்தான் பொறுப்பார்கள்? அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கத்து இசபெல், கருவாடு விற்கிற அந்த இசபெல்தான், 'அண்ணன் ஓய்வெடுக்கட்டும், நான் சொல்லுறன்' என்று பங்குச் சுவாமியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவளுக்கு மைக் தேவையில்லை. அவள் முற்றத்தில் கோழியைக் கூப்பிட்டால் கடலில் நிற்கிற போட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே உன் பெட்டி வந்த அன்று எனக்கு உயிர் வந்தது என்றே சொல்லவேண்டும்.

முதல் தொல்லை சார்ஜர். உங்கள் ஊர் உருண்டைக் கம்பி இங்குள்ள பிளக்கில் ஏறாது. உன் மச்சாள் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்கு ஒன்றை உருவி மேல் ஓட்டைக்குள் விட்டு அமத்திப் பிடிக்க, கீழ் ஓட்டைகள் திறந்தன, நான் செருகினேன். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெட்டிக்கு உணவூட்டுவதுபோல இருந்தது. சிவப்பு லைட் எரிந்தது. சிவப்பு என்றால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அதோடு வந்த புத்தகத்தில் பார்த்தால், ஒரு பக்கம் இத்தாலி மொழி, மறுபக்கம் சீன மொழி. போதாக்குறைக்கு வயர் இல்லாத அந்த மைக்குக்குத் தனிப் பற்றரியாம், அதற்குத் தனி ஓட்டையாம். கரண்ட் வருவதே நாளுக்குச் சில மணித்தியாலம். வந்த உடனே வெங்காயத் தோட்டக்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீர்ப் பம்பைப் போட, வீட்டு பல்பு மெழுகுதிரி மாதிரி மங்கிப்போகும். சிவப்பு லைட்டும் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி நித்திரையாகிவிடும். நான் வெங்காயத்தைத் திட்ட, உன் மச்சாள் என்னைத் திட்ட, அப்படியே இரண்டு கிழமை போயிற்று.

ஒரு வெள்ளிக்கிழமை, புனிதர்களின் மன்றாட்டு மாலை. பெட்டியை இடுப்பில் கட்டி, மைக்கை வாயருகே வைத்துத் தொடங்கினேன். ஆகா, என் பழைய குரல்! 'புனித அந்தோனியாரே' என்றேன். சனம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றது. 'புனித செபஸ்தியாரே' என்றேன். அதற்கும் சொன்னார்கள். அடுத்த பெயருக்கு மூச்சு எடுத்தேன், அந்த இடைவெளியில் என் இடுப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை கணீரென்று 'பற்றரி லோ' என்றாள். கோயில் முழுவதும் ஒரே குரலில் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை தங்கச்சி, அதுதான் பயங்கரம். ஏதோ வெளிநாட்டுப் புனிதை என்று நினைத்திருக்கிறார்கள். அவள் இன்னும் மூன்று முறை சொன்னாள், மூன்று முறையும் வேண்டிக்கொண்டார்கள், பிறகு செத்துப்போனாள். மிச்சப் புனிதர்களை இசபெல்தான் பின்வரிசை வாங்கிலிலிருந்து முடித்துவைத்தாள்.

பூசை முடிந்து சுவாமி என்னைக் கூப்பிட்டார். "அண்ணாவியார், பெரிய வெள்ளிச் சிலுவைப்பாதை வெளியில, ரோட்டில போறது. முன்னூறு பேர் வருவினம். இசபெல் சொல்லட்டுமே."

"சுவாமி, இந்த ஒரு பெரிய வெள்ளியை மட்டும் எனக்குத் தாங்க. அதுக்குப் பிறகு நீங்க சொன்னபடி" என்றேன். என் குரலுக்கு அது கெஞ்சலாகக் கேட்டதோ, பாம்பு சீறுவதாகக் கேட்டதோ தெரியாது. சுவாமி என் கையைப் பிடித்து "சரி" என்றார். வீட்டுக்கு வந்து உன் மச்சாளுக்குக்கூடச் சொல்லாமல் ஆட்டுக் கொட்டிலுக்குள் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதன்பிறகு கரண்ட் தேடி அலைந்தேன். காற்றாடி கட்டிக்கொண்டு கடலில் ஓடுகிற வெள்ளைக்காரர் தங்கும் விடுதியில் சோலர் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் சஜீவன் நல்ல மனிதன். பெட்டியைக் காலையில் அவனிடம் கொடுத்தேன். பின்னேரம் போய்ப் பார்த்தால் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை அதைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்கிறாள். எதிரே ஏழெட்டுப் பேர் பாயில் மல்லாந்து கிடக்கிறார்கள். அவள் மூச்சை இழு என்கிறாள், அவர்கள் இழுக்கிறார்கள். விடு என்கிறாள், விடுகிறார்கள். விடுதிச் சாமான் என்று நினைத்து எடுத்துவிட்டாளாம். தொழுகை நேரத்தில் குறுக்கே போகக் கூடாது என்ற மரியாதையில் நான் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டு ஓரமாக நின்றேன். முக்கால் மணித்தியாலம். நானும் கொஞ்சம் மூச்சு இழுத்து விட்டேன். முடிவில் அவள் கைகூப்பிப் பெட்டியைத் தந்தாள். பெட்டி 'பற்றரி லோ' என்றது.

பெரிய கிழமை செவ்வாயன்று எங்கள் ஊர் டிரான்ஸ்போமர் டமார் என்று வெடித்தது. திருத்த வரும் வண்டிக்கு டீசல் இல்லையாம். பெரிய வியாழன் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் கற்பிட்டிக்குப் போனேன். அங்கே சித்தி ஸுலைஹா என்ற அம்மா போன் திருத்தும் கடை வைத்திருக்கிறா. கூரையில் சோலர் தகடு, மேசைக்குக் கீழே இரண்டு லொறிப் பற்றரி. கடைக்குள் ஊரிலுள்ள போன் எல்லாம் வயர் மாட்டிக்கொண்டு வரிசையில் கிடந்தன. நான் வாயைத் திறந்து காற்று விட்டதுதான், அவ முழுவதையும் புரிந்துகொண்டா.

"யா அல்லாஹ், நாளைக்கா ஒங்கட சிலுவைப்பாதை? மத்ததெல்லாம் கழட்டுறேன், மொதல்ல இதப் போடுவம். இரிங்க அண்ணே."

நோன்பு மாதம். அவ தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்ய, எனக்கு மட்டும் பிளேன்டீ வாங்கி வரச் சொன்னா. நானும் குடிக்கவில்லை. மூன்று மணித்தியாலத்துக்குப் பிறகு, என் வாழ்க்கையில் முதன்முறையாகப் பச்சை லைட்டைக் கண்டேன். "சரியா வேல செய்யுதான்னு பாப்பம்" என்று அவ சுவிட்சைப் போட்டா. வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் நன்றி சொன்னேனே தவிர, சுவிட்சை அணைக்க இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

பஸ்ஸில் சனம். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிக்கு மேல் பையை வைத்துவிட்டு நான் நடுவில் போய் இருந்தேன். மைக் சின்னது, நசுங்கிவிடும் என்று கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் அன்ரனிப்பிள்ளை, நம் பழைய வலைக்காரர். "நாளைக்கு யார் செபம் சொல்றது?" என்று கேட்டார்.

"நான்தான். அந்த இசபெலிட்ட விட்டா சிலுவைப்பாதையா அது? பதினைஞ்சு குதிரை வலு போட்டு எஞ்சின். சாகிற ஆண்டவரே காதைப் பொத்துவார்" என்றேன்.

சொல்லும்போதே முன்னால் றேடியோவில் எவனோ அதே வசனத்தைச் சொல்லுகிறான். நல்ல கணீர்க் குரல். 'அட, நம்மைப்போலவே ஒருத்தன் கஷ்டப்படுகிறான்' என்று எனக்கு ஒரு ஆறுதல். டிரைவர் திரும்பிப் பார்த்தார். அன்ரனிப்பிள்ளை என் தொடையைக் கிள்ளினார். பஸ் முழுக்கத் தலைகள் என் பக்கம் திரும்பின. பின்னால் கருவாட்டுக் கூடையோடு இருந்த இசபெல், மைக் இல்லாமலே, "எஞ்சின் நல்லா ஓடுது அண்ணன், எண்ணெய் மட்டும் ஊத்துங்க" என்றாள்.

நான் கோயில் சந்திக்கு முன்னமே இறங்கிவிட்டேன். வெயிலில் நடந்து வீட்டுக்கு வந்து பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, அடுத்த நாள்வரைக்கும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பெட்டியோ கட்டிலுக்குக் கீழே சுவிட்ச் போட்டபடியே, இருந்ததையெல்லாம் இருட்டில் செலவழித்துக்கொண்டு கிடந்திருக்கிறது.

பெரிய வெள்ளி பின்னேரம் மூன்று மணி. சிலுவையைத் தூக்கிக்கொண்டு கோயிலிலிருந்து கடற்கரைக்கு நடந்தோம். முதல் மூன்று தலமும் என் குரல் மணி மாதிரி. நான்காம் தலம், இயேசு தம் தாயைச் சந்திக்கிற இடம். 'தாயானவள்' என்று தொடங்கினேன். 'பற்றரி லோ' என்றாள் அவள். பிறகு ஒன்றுமில்லை. தட்டினேன், குலுக்கினேன், சுவிட்சைப் போட்டுப் போட்டு எடுத்தேன். முன்னூறு பேரும் மணலில் முழங்காலில் நின்று என் வாயைப் பார்க்கிறார்கள். கத்திப் பார்த்தேன் தங்கச்சி. காற்றுத்தான் வந்தது. சுவாமி கீழே பார்த்துக்கொண்டு நின்றார். முப்பத்தொரு வருடமும் அந்த மணலில் இறங்கிப் போவதுபோல இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு இசபெல் வந்தாள். புத்தகத்தைப் பறிக்கப் போகிறாள் என்று நினைத்து, நானே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. காதை என் வாயருகே கொண்டுவந்தாள்.

"நீங்க சொல்லுங்க அண்ணன். நான் சத்தமாச் சொல்றன்."

"நீயே சொல்லன்" என்றேன்.

"எனக்கு உங்கள மாதிரி நிறுத்திச் சொல்ல வராது. சொல்லுங்க, சனம் முட்டுக்கால்ல நிக்குது."

நான் காற்றாகச் சொன்னேன், அவள் இடியாகச் சொன்னாள். ஐந்து, ஆறு, ஏழு. சில கிழவிகள் அழுதார்கள். எனக்கும் கண் நிறைந்தது. ஆனால் அவளுக்கு வேகம் பிடித்துவிட்டது. எட்டாம் தலத்தில் "மெதுவா" என்றேன். அவள் "மெதுவா!" என்றாள். சனம் முழுவதும் "மெதுவா!" என்றது. "ஐயோ, அது செபமில்ல" என்றேன். "ஐயோ, அது செபமில்ல!" என்று முன்னூறு பேரும் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். சுவாமி அங்கியால் முகத்தை மூடிக்கொண்டார். அழுதார் என்று ஊரில் சொல்லுகிறார்கள். நான் பக்கத்தில் நின்றவன், தோள் குலுங்கிய விதம் எனக்குத் தெரியும்.

பதினான்காம் தலம் முடிந்ததும், "பஸ்ஸில சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்" என்றேன். நல்லவேளை, அதை அவள் சத்தமாகச் சொல்லவில்லை. "ஓம், ஓம்" என்றாள். பிறகு, "பதினைஞ்சு இல்ல, இருபத்தஞ்சு குதிரை" என்றாள்.

இனிமேல் இருவரும் சேர்ந்தே சொல்லும்படி சுவாமியின் கட்டளை. மனித உதவி எவ்வளவு பெரியது என்று கண்டுகொண்டேன். என்றாலும் பெட்டியையும் விட மனமில்லை. டிரான்ஸ்போமரை நேற்றுத் திருத்திவிட்டார்கள், ஆனால் முறைப்படி வெட்டுகிற வெட்டு தொடருகிறது. ஆகவே நீ போனில் சொன்ன அந்தப் பெரிய பவர் பேங்க்கை, எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி, வருகிற யாரிடமாவது தவறாமல் கொடுத்து அனுப்பு.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் முத்தம். மச்சானுக்கு வணக்கம். மாதா உங்களைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
இன்னாசிப்பிள்ளை

பி.கு.: பவர் பேங்க் அனுப்பாதே. வாங்கியிருந்தால் கடைக்குத் திருப்பிக் கொடு. மேலே உள்ளதை நேற்று எழுதி முடித்த பிறகு இசபெல் வேலிக்கு வந்தாள். பெரிய வெள்ளிச் சத்தத்தில் தொண்டை கட்டி, சொட்டுக் குரல் இல்லை. இரண்டு கிழமை வாய் திறக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னாராம். பரிதாபப்பட்டுப் பெட்டியை நான்தான் கொடுத்தேன், நான்தான் கட்டியும் விட்டேன். இப்போது அவள் குசுகுசுத்தாலே ஊர் கேட்கிறது. விடிந்தது முதல் கோழிக்கும், மருமகளுக்கும், ரோட்டால் போகிறவனுக்கும் ஸ்பீக்கரில்தான் கதை. என் வீட்டில் என்ன கறி என்பதையும் ஊருக்கு அறிவித்துவிட்டாள். பற்றரி இறங்கினால் மட்டுமே எங்களுக்கு நிம்மதி. கரண்ட் வெட்டு இன்னும் இரண்டு மணித்தியாலம் கூடவேண்டும் என்று இன்று கோயிலில் ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். இதை ஊரில் வேறு யாருக்கும் எழுதிவிடாதே.